கரும்புக்குள் வைத்த எலுமிச்சை

கரும்பை முதல் தடவை உருளைகளுக்கு நடுவே விட்டால் தட்டையாகி மறுபக்கம் வரும். அதை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் அரை எலுமிச்சம்பழத்தையும் ஒரு துண்டு இஞ்சியையும் வைத்து மறுபடியும் விட வேண்டும். தோலோடு நசுங்கினால்தான் எலுமிச்சையின் வாசனை சாற்றில் ஏறும். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சாறு பிழிகிறவர்கள் அப்படிச் செய்ததைப் பார்த்தேன், நானும் செய்தேன். பத்தொன்பது வருடங்களாகக் கை தானாக மடிக்கிறது. அந்த மடிப்பால்தான் என் பிழைப்பு போகப் பார்த்தது.

கடை என்னுடையது அல்ல. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு மெஷினும் ஒரு ஐஸ் பெட்டியும் நிற்கிற அளவு இடம். அதை எடுத்து நடத்துகிறவர் அறுபது வயதான ஓர் அக்கா. பிழிவது நான், பேசுவது அவர். யாராவது என்னிடம் நேராகக் கேட்டால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான்.

"இந்தத் தம்பி வாயும் கரும்பு மாதிரிதான் லா. நசுக்கினாத்தான் ஏதாச்சும் வரும்" என்று வருகிறவர்களிடம் அக்கா சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். உண்மைதானே.

பிழிந்த பிறகு மிஞ்சுவது சக்கை. சாதாரண நாளில் நான்கு சாக்கு, சனி ஞாயிறில் ஏழு கூட ஆகும். பின்சந்தில் அடுக்கி வைப்பேன். மறுநாள் காலையில் பச்சைக் குப்பைத் தொட்டி தள்ளும் சீனத் தாத்தா வந்து எடுத்துப் போவார். இதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாள் அவரிடம் கையால் கேட்டேன். அவரிடம் பேச எனக்குக் கூச்சம் குறைவு, அவருக்கும் எனக்கும் பொதுவான பேச்சே பத்து மலாய் வார்த்தைகள்தான்.

"செமுவா பாக்கார்" என்றார். எல்லாம் எரிப்பதற்கு. சுட்ட மீனை ஈக்கான் பாக்கார் என்பார்களே, அதே பாக்கார். எரித்த சாம்பலைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் கொட்டுகிறார்கள் என்று கையை நீட்டிக் காட்டினார்.

மதியச் சாப்பாடு எனக்குப் பக்கத்துச் சோற்றுக் கடையிலிருந்து வரும். கொஞ்ச காலத்துக்கு முன் அவர்கள் வெள்ளை நுரைப் பெட்டியை விட்டுவிட்டுப் பழுப்பு நிறப் பெட்டிக்கு மாறினார்கள். அதன் அடியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கரும்புச் சக்கையில் செய்தது என்று இருந்தது. எந்த நாட்டுச் சக்கையோ கப்பலேறி வந்து என் சோற்றையும் குழம்பையும் தாங்கிக்கொண்டிருந்தது. நான் பிழிந்த சக்கை என் காலடியிலிருந்து நெருப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சாப்பிட்டு முடித்து, பெட்டியை மடக்கிக் குப்பையில் போட்டேன்.

சக்கையால் வந்த தொல்லை மழைக்காலத்தில் தொடங்கியது. பிழிந்தாலும் அதில் இனிப்பும் ஈரமும் மிச்சம் இருக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் அரை நாளில் புளித்துவிடும். முதலில் தேனீ வரும், பிறகு குளவி, பிறகு கரப்பான். ஒருநாள் எலி ஒன்று சாக்கைக் கிழித்துச் சந்து முழுவதும் இழுத்துப் போட்டிருந்தது. மேல்மாடி அலுவலகங்களில் இருப்பவர்கள் புகார் கொடுத்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை ஐஸ் பெட்டி மேல் வைத்து விசிறிக்கொண்டே சொன்னார்.

"இது மூணாவது லெட்டர், தம்பி. பொங்கல் முடிஞ்ச திங்கக்கிழமை அக்ரிமென்ட் ரினியூ பண்ணணும். சக்கையை அன்னன்னிக்கே யாரு எடுத்துட்டுப் போறாங்க, எங்க கொண்டு போறாங்கன்னு எழுத்துல காட்டணுமாம். இல்லைன்னா இடம் இல்லை."

நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் முட்டி போயிடுச்சு. பொங்கல் யாவாரத்தோட மூடிடுவோமா?"

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். துணி உருளையில் சுற்றிக்கொண்டது.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் ஈசூன் வரை நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புத் தேர்வில் தவறியதோடு என் படிப்பு நின்றது. இந்த மெஷினுக்கு வருவதற்கு முன் ஒரு தடவை, வேலை தேடித் தரும் அலுவலகம் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். எண் அச்சடித்த சீட்டு கொடுத்தார்கள். என் எண் பலகையில் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து வெளியே நடந்துவிட்டேன். சீட்டு வெகுநாள் சட்டைப் பையில் கிடந்து துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனது. மெஷின் முன்னால் நிற்கும்போது மட்டும் யாரும் என்னிடம் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பதில்லை. அந்த இடம் போய்விட்டால் நான் போக வேறு இடமே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாரா வாரம் சாறு குடிக்க வரும் ஒரு பெண் பின்சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து பொறியாளர் வேலைக்கு வந்தவர்.

"அண்ணா, இந்தச் சக்கையெல்லாம் என்ன பண்றீங்க?"

அக்காதான் பதில் சொன்னார், கடிதத்தையும் காட்டினார். அந்தப் பெண் ஒரு சாக்குக்குள் கையை விட்டு, கொஞ்சம் எடுத்து முறுக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். ஈசூன் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்து, சக்கையையும் வைக்கோலையும் வைத்து நாற்றுத் தொட்டி செய்கிறாராம். பார்த்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார்.

"எங்க ஊர்ல கரும்பு வெட்டி முடிஞ்சதும் மிஞ்சுற சோகை இலையை அப்படியே கொளுத்திடுவாங்க. வீட்டுக்குள்ள கரி மழை மாதிரி விழும். எங்கப்பா இருமி இருமி... அதை விடுங்க. இங்க நர்சரியில பிளாஸ்டிக் தொட்டியில செடி விக்கிறாங்க இல்ல? இந்தச் சக்கையில தொட்டி பண்ணா, தொட்டியோடவே மண்ணுல வச்சிடலாம். கொஞ்ச நாள்ல அதுவும் மண்ணாயிடும். பிளாஸ்டிக்கும் வேணாம், எரிக்கவும் வேணாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன்.

"பத்து சாக்கு நல்லாக் காய வச்சுக் கொடுங்க. பண்ணிப் பாக்கறேன். சரியா வந்தா தினமும் நானே எடுத்துக்கறேன்னு லெட்டர் தர்றேன். எழுத்துல." பிறகு என் பக்கம் திரும்பி, "கரும்பு மட்டும்தானே? வேற எதுவும் கலக்கலையே?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

அந்த நிமிடத்தில் நான் பொய் சொல்லவில்லை. எலுமிச்சை எனக்கு 'வேறு' என்று படவே இல்லை. குழம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உப்பு இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? சாற்றில் எலுமிச்சை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் தம்ளரில் பிழிந்துவிடுகிறோம் என்று நினைத்திருக்கிறார். மெஷினின் தகட்டு மூடிக்குப் பின்னால் நான் மடித்து வைப்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

கரும்பு கொண்டு வரும் வேன்காரர் சாயங்காலம் வடக்கே திரும்பிப் போகிறவர். அவர் தினமும் இரண்டு சாக்கை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறக்கிவிட்டுப் போக ஒத்துக்கொண்டார். லிப்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தாழ்வாரத்தில் பரப்பக் கூடாது, தீ விபத்து விதி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயும், சக்கை காயாது. வெளியே மழை விடவே இல்லை. கூடத்தில் சோபாவைத் தள்ளிவிட்டு, பழைய படுக்கை விரிப்புகளை விரித்து, அதன் மேல் பரப்பி, இரண்டு மின்விசிறிகளையும் முழு வேகத்தில் வைத்தோம். என் மனைவி பள்ளி உணவகம் ஒன்றில் தட்டு கழுவுகிறாள். டிசம்பர் பள்ளி விடுமுறை. பகல் முழுவதும் அவள்தான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டாள்.

மூன்றாம் நாள் வீடு முழுவதும் கள் வாடை. சுவர் ஓரமாக எறும்பு வரிசை கிளம்பி டிவி வரை போயிருந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவருகே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

"பாத்துக்கிட்டே இருங்க, வீட்ல சம்சு சாராயம் காய்ச்சுறாங்கன்னு போலீஸ்க்குப் போன் போடப் போறாங்க" என்றாள் மனைவி. "உங்களைக் கூட்டிட்டுப் போனா நீங்க ஒண்ணும் பேசவும் மாட்டீங்க. ஆமான்னு தலையை ஆட்டிட்டு உள்ள போய் உக்காந்துக்குவீங்க."

பிறகு தரையில் உட்கார்ந்தவள் சக்கையைக் கிளறி ஒன்றை எடுத்துக் காட்டினாள். நசுங்கிக் காய்ந்த எலுமிச்சைத் தோல்.

"இது எல்லாத்துலயும் கிடக்கு. அவங்க கரும்பு மட்டும்தானே கேட்டாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அதுவும் காஞ்சுடும்" என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

நான் தோலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒரு மெசேஜ் போடுங்களேன். வாயைத் திறக்க வேணாம், விரலைத்தானே அசைக்கணும்?"

கைப்பேசியை எடுத்தேன். 'மேடம்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். 'அப்படியா அண்ணா, வேண்டாம் அண்ணா, பரவாயில்லை' என்று பதில் வரும். கடிதம் வராது. பொங்கல் முடிந்த திங்கட்கிழமை வரும். 'மேடம்' என்பதை அழித்தேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து தோலையும் விதையையும் பொறுக்கினோம். பெரியது எல்லாம் கிடைத்தது. உருளை நாரோடு நாராக அரைத்துவிட்ட பொடியை யாரால் பொறுக்க முடியும்? மனைவி ஒரு சாக்கு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

புது வருடத்துக்கு முந்தின நாள் பத்து சாக்கையும் வேனில் ஏற்றி அந்த ஈசூன் பட்டறைக்குக் கொண்டு போனோம். அந்தப் பெண் சக்கையைக் கையால் நொறுக்கிப் பார்த்து, "சூப்பரா காய வச்சிருக்கீங்க அண்ணா" என்றார். இயந்திரத்தில் பொடியாக்கி, மாவுப் பசை கலந்து, அச்சுக்குள் கொட்டி, சூடான தகட்டை மேலே இறக்கினார். ஆவி வந்தது. தகடு ஏறியதும் உள்ளே ஒரு தொட்டி நின்றது. பிஸ்கட் நிறம், என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. சூடாக இருந்தது. தட்டிப் பார்த்தேன், மரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பத்தொன்பது வருடம் நான் நெருப்புக்கு அனுப்பியது இதைத்தான்.

கேட்காமலேயே ஒன்றை என் கையில் கொடுத்தார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டில் அதை டிவி பக்கத்தில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஐந்து நாள் கழித்து மனைவி எழுப்பினாள். டிவி பக்கத்தில் இருந்த தொட்டியின் மேல் பச்சையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளையாகப் பூஞ்சை. விளிம்பில் எறும்பு. விரலால் அழுத்தினேன், புள்ளி இருந்த இடம் உள்ளே அமுங்கி ஓட்டையானது.

கைப்பேசி அன்று மதியம் கடையில் அடித்தது, அந்தப் பெண்தான். எடுத்துக் காதில் வைத்தேன்.

"அண்ணா, சக்கையோட என்ன போட்டீங்க?"

கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையைத் துடைத்தேன்.

"நர்சரிக்கு சாம்பிள் அனுப்பிட்டேன். எல்லாம் பூஞ்சை பிடிச்சுத் திரும்பி வந்துடுச்சு. அவங்க என்னை நம்பித்தான் ஆர்டர் தர்றதா இருந்தாங்க. உடைச்சுப் பாத்தா உள்ள தோல் இருக்கு. எலுமிச்சைத் தோல்தானே அது?"

"ஆமா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா முன்னாடியே?"

"காய வைக்கும்போது... தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா. நான் என்னன்னு லெட்டர் எழுதுவேன்? சொல்லாம மறைக்கிறவங்ககிட்ட சக்கை வாங்க முடியாது. இதுல எதைக் கலந்தாலும் வெளியில தெரியாது. நான் உங்க வார்த்தையைத்தான் நம்பணும்."

வைத்துவிட்டார். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். நான் கரும்பை எடுத்தேன், விட்டேன், மடித்தேன். கை எலுமிச்சைக்குப் போனது. கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். முன்னால் நின்றவர், "என்ன அங்கிள், கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. பழைய மெஷின் வாங்குகிற ஓர் ஆளின் எண் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். கார்டை எடுத்து ஐஸ் பெட்டி மேல், அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சாலை ஓரமெல்லாம் கரும்புக் கட்டுகள் தோகையோடு வந்து சாய்ந்துவிட்டன. மஞ்சள் கொத்து, பானை, கூட்டம். எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் அந்த ஒன்பது நாளில் எத்தனை தடவை ரயில் நடைமேடையில் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தண்டவாளத்தை மறைத்துக் கண்ணாடிக் கதவு இருக்கிறதே என்று மனைவி பின்னால் ஒருநாள் சொன்னாள். எல்லா நிலையத்திலும் இருக்கிறது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒன்று செய்தேன். எலுமிச்சையை மெஷினுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, தம்ளர்கள் இருக்கும் பக்கம் வைத்தேன். இஞ்சியையும் தட்டிச் சாறு எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தேன். கரும்பை வெறுமனே மடித்து விட்டேன். தம்ளரில் எலுமிச்சையைக் கையால் பிழிந்தேன்.

"என்ன பண்றே?" என்றார் அக்கா.

"சக்கையில கலக்காம..."

"மூடப் போற கடைக்கு எதுக்குடா இந்த வேலை?" பத்தொன்பது வருடத்தில் அக்கா என்னை 'டா' போட்டது அன்றுதான். கோபம் இல்லை, அழுகை போல இருந்தது.

வந்த சக்கையைக் குழாயடியில் இரண்டு தடவை அலசினேன். இனிப்பு போக வேண்டும் என்று எனக்கே தோன்றியது. சாயங்காலம் ஒரே ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று ஒரு பக்கம் நினைத்தேன். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினேன்: 'கரும்பு மட்டும். எலுமிச்சை, இஞ்சி மெஷினில் போடவில்லை. இரண்டு தடவை தண்ணீரில் அலசியது. இன்னும் காயவில்லை. முன்பு சொல்லாதது என் தப்பு.' சாக்கின் கழுத்தில் கட்டிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதிய மிக நீளமான எழுத்து அது. படிவம் தவிர வேறெதையும் அதுவரை எழுதியதில்லை.

மறுநாள் பதில் இல்லை. அன்றும் ஒரு சாக்கு, ஒரு சீட்டு. அதற்கு மறுநாளும். நான்காம் நாள், முதல் சாக்கு இருந்த இடத்தில் அதே சீட்டின் கீழே வேறு கையெழுத்தில் இருந்தது: 'பாக்கறேன். பண்ணிப் பாத்து ஒரு வாரம் வைக்கணும். பொங்கலுக்குள்ள முடியாது.'

முடியாது என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தார். இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியென்றால் திங்கட்கிழமையைத் தள்ளிப் போட வேண்டும். அதைக் கேட்க வேண்டியது கட்டட நிர்வாக அலுவலகத்தில். அக்கா மூன்று தடவை போய்ச் சண்டை போட்டு வந்த இடம், இனிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்ப் பெண் இருந்தார். நல்ல வேளை, எண் சீட்டு இல்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைச் சொன்னேன். இரண்டு வாரம் கொடுங்கள், இனி எலுமிச்சை இல்லை.

"எந்த எலுமிச்சை, அங்கிள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். கால் கதவுப் பக்கம் திரும்பியது, அது எனக்கே தெரிந்தது. பையிலிருந்த தொட்டியை எடுத்து வைத்தேன், பச்சைப் பூஞ்சை பிடித்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை, என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் இரண்டு கையாலும் கரும்பை மடிப்பது போல மடித்துக் காட்டினேன். உள்ளே எலுமிச்சையை வைப்பது போலக் காட்டினேன். பிறகு ஆங்கிலம், மலாய், இடையில் தமிழ் எல்லாம் வந்தது. சக்கை எரிகிறது என்றேன், செமுவா பாக்கார். எரிக்க வேண்டாம், தொட்டி ஆகும், செடி வைக்கலாம். இது கெட்டது என் தப்பால், பொய் சொன்னதால். இப்போது கழுவுகிறேன். இரண்டு வாரம். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முடித்தபோது வாய் உலர்ந்திருந்தது.

அவர் தொட்டியை ஒரு காகிதத்தால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு அதிகாரம் இல்லை, அங்கிள். மேலே கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். "இதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்."

பொங்கலன்று விடியும் முன்பே வரிசை நின்றது. அக்கா மெஷினுக்குக் குங்குமம் வைத்தார். கடைசித் தடவை வைப்பது போல வைத்தார். அடுத்த நாள் மாலை அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. மாதக் கடைசி வரை பொறுக்கிறார்களாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

"யாரு போய் கேட்டது?" என்றார் அக்கா.

நான் தம்ளர் கழுவினேன்.

"நீயா? ஆண்டவா. உன் வாயில என்னத்த வச்சு நசுக்குனாங்க?"

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பட்டறைக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. போனேன். மேசை மேல் ஐந்து தொட்டிகள் இருந்தன. ஒன்றில் விளிம்பு வெடித்திருந்தது. இன்னொன்று கொஞ்சம் கோணல். மூன்றில் ஒரு புள்ளியும் இல்லை. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்தார். தினமும் நான்கு சாக்கு, காய்ந்தது, ஆறு மாதத்துக்கு.

"இந்த அச்சு மெஷின் சூடு வீணாத்தான் போகுது. அந்தப் பக்கம் அடுக்கு போட்டு அதுல காய வச்சுக்குங்க. ஆனா ஒவ்வொரு சாக்குலயும் சீட்டு இருக்கணும். சீட்டு இல்லாத சாக்கை நான் தொட மாட்டேன்."

"சரிங்க மேடம்."

"அந்த நர்சரி திரும்ப வரலைண்ணா. வேற பாத்துக்கிட்டு இருக்கேன்."

இப்போதும் அது எனக்குள் கிடக்கிறது.

கடை இன்னும் இருக்கிறது. காலையில் கடைக்குப் போகும் முன் பட்டறைக்குப் போய், அந்தப் பெண் கொடுத்த சாவியால் திறந்து, அடுக்கில் இருப்பதைப் புரட்டி, காய்ந்ததைச் சாக்கில் கட்டி, சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். அவர் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன், எனக்கு அதுதான் வசதி. கடையில் சாறு முன்பு போல இல்லை. தோல் நசுங்காததால் அந்த வாசனை இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிகிறது.

"என்னப்பா, கை மாறிப் போச்சா? ருசி போச்சே" என்றார் பல வருடமாக வரும் ஒரு பெரியவர். முன்பென்றால் தலையை ஆட்டியிருப்பேன். மடிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ருசி போச்சு" என்று மறுபடியும் சொன்னார். அவர் இப்போது இரண்டு கடை தள்ளிப் போகிறார். அங்கே எலுமிச்சையை உள்ளே வைத்துத்தான் பிழிகிறார்கள். அவர்கள் சக்கை பச்சைத் தொட்டியில் போகிறது. சீனத் தாத்தா என்னைப் பார்த்தால் அந்தத் தொட்டியைக் காட்டிச் சிரிக்கிறார்.

ஆறு மாதத்தில் ஐந்து முடிந்துவிட்டது. போன வாரம் விடாத மழை. பட்டறையில் ஈரக் காற்று, சக்கை காயவில்லை. நான்கு சாக்கு கொடுக்க வேண்டும், மூன்றுதான் காய்ந்திருந்தது. நான்காவது கைக்கு ஈரமாகத்தான் இருந்தது. மேலே காய்ந்ததைப் பரப்பிக் கட்டினால் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அந்தக் கடிதத்தை அந்தப் பெண் மறுபடி எழுத வேண்டும். சாக்கின் முன் உட்கார்ந்தேன். பேனா ஓடவே இல்லை. கடைசியில் எழுதினேன்: 'கரும்பு மட்டும். உள்ளே ஈரம். இன்று எடுக்க வேண்டாம். மூன்றுதான்.'

மறுநாள் போனபோது நான்காவது சாக்கு அவிழ்ந்து, அதன் சக்கை அடுக்கின் மேல் தட்டில், சூடு படுகிற பக்கமாகப் பரப்பியிருந்தது. சீட்டின் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

'நாளைக்கு.'